நாளையைப் பற்றிச் சொல்லுதல்

நாளை நடக்கப்போவதை மனிதன் சொல்லலாமா? சொன்னது நடக்காவிட்டால் அவன் பொய்யனா? வானிலை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நமது ஊர்களில் இவ்விரு கேள்விகளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம் எனக் கருதுகிறேன்.

கச்சான் ஓய்ந்து வாடை எழும் காலம் வந்துவிட்டால் கல்முனைக் கரையில் எல்லோரும் வானம் பார்ப்பவர்களே. கரைவலைக்காரர் கடலின் நிறத்தைப் பார்க்கிறார். வட்டைக்குள் வேளாண்மை செய்பவர் முகில் கறுக்கும் திசையைப் பார்க்கிறார். மாரி மழையாவது கண்ணுக்குத் தெரிந்து வரும். மழை இடைவிட்ட விடியற்காலைகளில் வயலை மூடும் பனியோ சொல்லாமல் வந்து சொல்லாமல் போய்விடும்.

அதன் காரணம் எளிது, கணிப்புத்தான் கடினம். முகில் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அதனை ஒட்டியுள்ள ஈரக்காற்றும் குளிர்ந்து, ஓர் எல்லைக்குக் கீழே போனதும் நீராவி நுண்துளிகளாகிறது. காற்று சற்றும் அசையாவிட்டால் புல்லில் பனித்துளி படிவதோடு காரியம் முடிந்துவிடலாம். மெல்ல அசைந்தால் மூடுபனி உண்டாகலாம். இன்னும் சற்றுப் பலமாக வீசினால் அது கலைந்துவிடும், அல்லது மேலெழுந்து தாழ்முகிலாகும். நடுச்சாமத்தில் ஒரு முகில்கூட்டம் வந்து மூடினால் நிலமே குளிராது. ஒரு பாகை வெப்ப வித்தியாசம் முழுக் கணிப்பையும் மாற்றிவிடப் போதும்.

இது வெறும் விஞ்ஞான வேடிக்கை அன்று. குளிர்ந்த இரவும் நெடுநேரம் ஈரம் காயாத இலையும் எரிபந்த நோய்க்கு வாய்ப்பானவை. பெரும்போக நெல் குடலைப் பருவத்தில் நிற்கும்போது இன்றிரவு பனி இறங்குமா என்று தெரிந்தால், கடன்பட்டு வாங்கிய மருந்தை அடிப்பதா விடுவதா என்று ஒருவர் தீர்மானிக்கலாம். கொழும்பிலிருந்து ஹப்புத்தளை வழியாக வரும் பஸ் சாரதிக்கோ, வீதியை மூடும் தாழ்முகில் உயிர்ப் பிரச்சினை.

இனி முதற் கேள்விக்கு வருவோம். மறுமை வேளை, மழை இறக்கப்படுதல், கருவறையில் இருப்பது முதலிய ஐந்தைக் குறிப்பிடும் சூரா லுக்மானின் இறுதி வசனத்தைக் காட்டி, வானிலை அறிவிப்பையே ‘கைபில்’ தலையிடும் காரியமாகச் சிலர் பேசுவதுண்டு. ஆனால் மழைக்கு முன்னர் காற்று நற்செய்தியாக அனுப்பப்படுவதாகவும் அதே வேதம்தான் சொல்கிறது. அனுப்பப்பட்ட செய்தியை வாசிப்பது எப்படிக் குற்றமாகும்? அடையாளத்தைக் கண்டு அனுமானிப்பது வேறு, மறைவானதை அறிவேன் என்று உரிமை கொண்டாடுவது வேறு. இமாம் கஸ்ஸாலி, மெய்யியலாளரை மறுத்து எழுதிய தஹாஃபுத் நூலின் முன்னுரையிலேயே, கிரகணக் கணிப்பை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்ற கருத்தை வைத்துவிட்டார்.

மேற்கிலும் இதே தயக்கம் இருந்திருக்கிறது. பிரித்தானிய வானிலைத் துறையின் முதல் தலைவரான றொபேர்ட் பிற்ஸ்றோய் 1861 இல் பத்திரிகையில் அன்றாட வானிலை அறிவிப்பைத் தொடங்கியபோது, ‘போர்காஸ்ட்’ என்ற சொல்லை வேண்டுமென்றே தெரிந்தெடுத்தார். தாம் கூறுவது தீர்க்கதரிசனம் அன்று, அவதானிப்பினாலும் கணக்கினாலும் கிடைத்த ஓர் அபிப்பிராயம் மட்டுமே என விளக்கினார். தவறிய நாட்களில் ஏளனத்துக்கு ஆளானார். 1865 இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு புயல் எச்சரிக்கை நிறுத்தப்பட்டது. அதை மீண்டும் வேண்டுமென்று கேட்டவர்களுள் கடலுக்குப் போகும் மீனவர்களும் இருந்தனர். 1867 இல் அது திரும்பவும் ஆரம்பமாயிற்று. தவறக்கூடிய சொல்லுக்கும் பெறுமதி உண்டென்பதை உயிரைப் பணயம் வைப்பவர்கள் அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது கேள்விக்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. மழைக்கு 70 வீத வாய்ப்பு என்று சொல்லப்பட்ட பத்து நாட்களில் மூன்று நாள் மழை பெய்யாவிட்டால், அந்த மூன்று நாளும் சொன்னவரின் சொல்லுக்குள் அடங்கியவையே. சாட்சி சொல்வதும் இப்படித்தான். இருட்டில் கண்டதை இருட்டில் கண்டேன் என்று சொல்பவன் நல்ல சாட்சி. அதையே பட்டப்பகலில் கண்டதுபோலச் சொல்பவன், அவன் சொன்னது தற்செயலாக உண்மையாகிவிட்டாலும், நேர்மையற்றவனே. பொய் என்பது சொல்லின் முடிவில் இல்லை, சொல்பவனின் எண்ணத்தில் இருக்கிறது.

பிழைத்துவிடுமோ என்று அஞ்சி வாய்மூடி இருப்பது இதனினும் பாரதூரமானது. மௌனத்தின் விலை என்னவென்று நமது கரைக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலை ஏழு மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. அலை நம்மிடம் வர ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. பசுபிக் கடலுக்கு எச்சரிக்கை முறை இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இருக்கவில்லை. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஒருவரும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல முடியாத ஒன்றரை மணித்தியாலம் அது.

சொல் இருந்தும் போதாமற் போவதுண்டு. 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளி வீதியைக் குறுக்கறுத்து வெள்ளம் பாய்ந்தபோது, மத்ரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகளுள் பலர் ஜனாஸாக்களாகவே வீடு சேர்ந்தனர். யாருடைய குற்றம் என்று தீர்ப்பளிப்பது என் நோக்கமன்று. அந்நாட்களில் பலத்த மழைக்கான எச்சரிக்கை விடுக்கப்பட்டே இருந்தது. ஆனால் “கிழக்கு மாகாணத்தில் பலத்த மழை” என்ற வாசகத்துக்கும் “இன்று இந்த வீதியால் போகவேண்டாம்” என்ற வாசகத்துக்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கொழும்பிலுள்ள திணைக்களம் கடக்க முடியாது. இடத்தை அறிந்த ஆசிரியர், வட்டைவிதானை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருப்பவர் ஆகியோரின் அமானிதம் அது.

நாளையைப் பற்றிப் பேசுவதற்கு ‘இன்ஷா அல்லாஹ்’ என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே உண்டு. இன்று அதை வராத விருந்துக்கும் தராத கடனுக்கும் சாட்டாக்கிவிட்டோம். என்னால் இயன்றவரை பார்த்துச் சொல்கிறேன், என் அறிவின் எல்லையையும் சேர்த்தே சொல்கிறேன் என்பதுதான் அதில் அடங்கிய ஒழுக்கம். ஒரு நல்ல வானிலையாளன் இச்சொல்லை உச்சரிக்காவிட்டாலும் அதன்படி நடக்கிறான். இன்றிரவு பனி இறங்குமா என்று வயற்காரர் கேட்டால், இறங்கக்கூடும், ஆனால் காற்றெழுந்தால் இறங்காது என்று சொல்வதற்கு நமக்கு வெட்கம் வேண்டியதில்லை. அப்படிச் சொன்னவர்மீது மறுநாள் கோபம் கொள்ளாதிருக்கக் கேட்டவரும் பழக வேண்டும்.