பிறக்காதவர்களின் பங்கு

இன்னும் 100 ஆண்டுகள் கழித்து ஒரு வெள்ளம் வந்து ஒரு கோடி ரூபாய்க்குச் சேதம் செய்யும் என்று உறுதியாகத் தெரிகிறது என வைத்துக்கொள்வோம். அதைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? பொருளியலாளர்கள் வட்டிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு இதற்கு விடை சொல்கிறார்கள். ஆண்டுக்கு 1.4 விழுக்காடு கழித்துக்கொண்டே வந்தால் ஏறக்குறைய 25 லட்சம் வரை செலவழிக்கலாம். 4.5 விழுக்காடு என்றால் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டக்கூடாது. 7 விழுக்காடு என்றால் பதினோராயிரத்துச் சொச்சத்தோடு கையை மடக்கிக்கொள்ள வேண்டியதுதான். மூன்று கணக்கிலும் வெள்ளம் ஒன்றே, மூழ்கும் வீடுகளும் அவையே. இந்தக் கழிவு விகிதத்துக்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது: பின்னால் பிறப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருடைய துன்பத்தைக் குறைத்து மதிப்பிடலாமா? கூடாது என்பதே என் வாதம்.

இந்தக் கேள்வியைப் பொருளியலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்ததில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குத் தனி இடம் உண்டு. அங்கே அறவியல் கற்பித்த ஹென்றி சிட்ஜ்விக் 1874இல் வெளியிட்ட நூலில், ஒருவர் எந்தக் காலத்தில் வாழ்கிறார் என்பது அவருடைய இன்பத்தின் மதிப்பைப் பாதிக்காது என்று வாதிட்டார். அதே பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த பிகூ, 1920இல், பிறக்காதவர்களின் நலனையும் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்றார். 1928இல் ஃபிராங்க் ராம்சே என்ற இளைஞர் இதைக் கணிதமாக்கினார். ஒரு தேசம் எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று கணக்கிட்ட அவர், எதிர்கால இன்பத்தைக் காலதாமதத்துக்காகவே குறைப்பதை அறத்துக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கினார். அது நம் கற்பனையின் பலவீனம் என்பது அவர் கருத்து. அப்போது அவருக்கு வயது 25. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தும் போனார்.

ராம்சே வழியில் வந்த கணக்கு, கழிவுக்கு இரண்டு காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று வெறும் பொறுமையின்மை. மற்றொன்று, நமக்குப் பின் வருபவர்கள் நம்மைவிடச் செல்வந்தர்களாக இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு. இரண்டாவது காரணத்தில் நியாயம் உண்டு. ஏழையின் நூறு ரூபாயும் பணக்காரரின் நூறு ரூபாயும் ஒன்றல்லவே. ஆனால் அவர்கள் செல்வந்தர்களாக இருப்பார்கள் என்பதற்கு யார் உத்தரவாதம்? டாக்காவில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ராம்சேயின் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியை வகித்த பார்த்தா தாஸ்குப்தா, பிரிட்டன் நிதியமைச்சகம் கேட்டுக்கொண்டதன் பேரில் 2021இல் பல்லுயிர் வளத்தின் பொருளியல் பற்றி ஓர் அறிக்கை தந்தார். 1992க்கும் 2014க்கும் இடையில் தலைக்கு விழும் உற்பத்தி மூலதனம், அதாவது சாலை, இயந்திரம், கட்டடம் எல்லாம், இரு மடங்கானது. அதே காலத்தில் தலைக்கு விழும் இயற்கை மூலதனம் 40 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது என்கிறது அந்த அறிக்கை. காடும் மண்ணும் கரைந்துகொண்டிருக்க, பேரப்பிள்ளைகள் வசதியாகத்தான் இருப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது சூதாட்டம்.

எதிர்வாதங்கள் இலேசானவை அல்ல. 2006இல் பிரிட்டன் அரசுக்காகப் பருவநிலை அறிக்கை எழுதிய நிக்கோலஸ் ஸ்டெர்ன், மனிதகுலமே அழிந்துபோகும் வாய்ப்புக்காக மட்டும் 0.1 விழுக்காடு ஒதுக்கி, மொத்தக் கழிவை 1.4 விழுக்காட்டில் நிறுத்தினார். யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் நார்ட்ஹவுஸ், பின்னாளில் நோபல் பெற்றவர், இதை ஏற்கவில்லை. மக்கள் சந்தையில் உண்மையில் எந்த வட்டிக்குச் சேமிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும், தத்துவவாதி மேலிருந்து ஆணையிடக்கூடாது என்பது அவர் தரப்பு. அதே பணத்தை வேறிடத்தில் முதலீடு செய்து சந்ததிக்குக் கூடுதலாகத் தரலாமே என்ற கேள்வியும் இதில் அடங்கும். ஆனால் சந்தையில் பேரம் பேசுபவர்கள் இன்று உயிரோடிருப்பவர்கள் மட்டுமே. பிறக்காதவர்களுக்கு அங்கே குரல் இல்லை. நிலக்கரி எரிப்பதை நிறுத்தாததால் மிச்சமான பணத்தை அவர்கள் பெயரில் அரசுகள் பெரும்பாலும் தனியே போட்டு வைக்கவும் இல்லை.

இன்னொரு தடை ஸ்டெர்னுக்கு வேண்டியவர்கள் பக்கத்திலிருந்தே வந்தது. ஸ்டெர்னின் எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் இன்றைய தலைமுறை தன் வருமானத்தில் 97 விழுக்காட்டுக்கு மேல் சேமிக்க வேண்டிவரும் என்று காட்டியவர் தாஸ்குப்தாதான். இன்றைய ஏழை நாளைய வசதிக்காரருக்காகப் பட்டினி கிடப்பதா? கூடாதுதான். இதற்கு மருந்தும் அவரே சொன்னார்: ஏற்றத்தாழ்வுக்குக் கணக்கில் கூடுதல் எடை கொடுங்கள். பொறுமையின்மையைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை. தன் பிள்ளைக்கு முதலில், ஊரார் பிள்ளைக்குப் பிறகு என்பது மனித இயல்புதானே என்றும் கேட்கலாம். சரி, இயல்புதான். ஆனால் பாசம் சில தலைமுறைகளில் தீர்ந்துவிடும். 300 ஆண்டு கழித்துப் பிறப்பவரும் 400 ஆண்டு கழித்துப் பிறப்பவரும் நமக்கு ஒரே அளவு அந்நியர்கள். கழிவுக் கணக்கோ நிற்காமல் குறைத்துக்கொண்டே போகிறது. எனவே பாசத்தைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இவை வகுப்பறை விவாதங்களாக முடிந்துவிடவில்லை. பிரிட்டன் நிதியமைச்சகம் 3.5 விழுக்காட்டில் தொடங்கி, 30 ஆண்டுக்குப் பின் படிப்படியாகக் குறையும் கழிவைத் தன் வழிகாட்டு நூலில் அச்சிட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு டன் கரியமில வாயுவின் சேதம் 3 விழுக்காட்டுக் கழிவில் 51 டாலர் என்றிருந்தது. 2023இல் சுற்றுச்சூழல் முகமை சேத மதிப்பீடுகளைப் புதுப்பித்து, கழிவை 2 விழுக்காடாக்கியபோது 190 டாலராயிற்று. அடுத்த முறை ஓர் அனல்மின் நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ செலவைவிட வரவே அதிகம் என்று அறிக்கை வந்தால், முதலில் அதன் கழிவு விகிதத்தைத் தேடிப் பாருங்கள். அச்சிடவில்லை என்றால், ஏன் என்று கேளுங்கள்.