திலகவதியார் கையில் இருந்த துடைப்பம்



சித்திரைச் சதயம் வந்தால் நம் கோவில்களில் அப்பர் குருபூஜை நடக்கும். தேவார வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று பாடுவார்கள். பெரியவர் ஒருவர் சொற்பொழிவு செய்வார். அன்னதானம் இருக்கும். சொற்பொழிவில் வழக்கமாக வருவது சுண்ணாம்புக் காளவாய், மதயானை, கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியும் கரையேறியது. சின்ன வயதில் நம்மையெல்லாம் வாயைப் பிளந்து கேட்க வைத்த கதைகள் அவை. இந்த முறை அந்த அற்புதங்கள் பக்கம் நான் போகவில்லை. அப்பருடைய அக்காவைப் பற்றியும், அவர் கையில் இருந்த துடைப்பத்தைப் பற்றியும் பேசலாம் என்று இருக்கிறேன். செமஸ்டர் முடிந்து நீண்ட விடுமுறைக்கு வீடு திரும்பப் போகிற நமக்கு அந்தத் துடைப்பம்தான் இப்போது தேவை.

கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. திருவாமூரில் புகழனார், மாதினியார் என்று ஒரு தம்பதி. அவர்களுக்கு மூத்தவர் திலகவதியார், இளையவர் மருள்நீக்கியார். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் கலிப்பகையார் என்ற சேனைத் தலைவரோடு திருமணம் பேசி முடித்தார்கள். அவர் போருக்குப் போன இடத்தில் இங்கே அப்பா இறந்தார், அம்மாவும் அவரோடு போய்விட்டார். பிறகு போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் இறந்த செய்தியும் வந்தது. ஒரு வீட்டின் மேல் எத்தனை இடி! திலகவதியார் தானும் உயிரை விடத் துணிந்தார். தம்பி காலில் விழுந்து அழுதான். நீயும் போனால் நானும் இருக்க மாட்டேன் என்றான். தம்பி உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக அக்கா உயிரை வைத்துக்கொண்டார்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். சைவ சமயத்தின் ஒரு பெரிய அத்தியாயம் ஒரு அக்கா எடுத்த இந்த முடிவிலிருந்து தொடங்குகிறது.

தம்பி வளர்ந்தார். உலக நிலையாமையை யோசித்துச் சமணத்தில் சேர்ந்தார். அங்கே சாதாரண ஆளாகவும் இல்லை. தருமசேனர் என்ற பெயரோடு தலைமை இடத்தில் இருந்தார். இந்தப் பகுதியைச் சொல்லும்போது சிலர் சமணரைத் திட்டிக் கைதட்டல் வாங்கப் பார்க்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அவர் நன்றாகப் படித்தார், அந்தப் படிப்பும் பிறகு அவர் தமிழுக்கு உதவியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அக்கா என்ன செய்தார் என்று பாருங்கள். தம்பியைத் தேடிப் போய்ச் சண்டை போடவில்லை. திருவதிகைக்குப் போனார். விடியும் முன் எழுந்து கோவிலைக் கூட்டினார், சாணமிட்டு மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். அடுத்த நாளும் அதேதான். வருஷக்கணக்கில் அதேதான். நடுநடுவே சிவனிடம் ஒரே விண்ணப்பம்: என் தம்பியை எனக்குத் திருப்பிக் கொடு. கடைசியில் தம்பிக்குச் சூலை நோய் வந்தது. எந்த மருந்துக்கும் மந்திரத்துக்கும் கேட்கவில்லை. ஆள் அனுப்பினார். “நான் அங்கே வர மாட்டேன்” என்று அக்கா சொல்லிவிட்டார். அன்பும் இருந்தது, உறுதியும் இருந்தது. இரவோடு இரவாகத் தம்பியே வந்து காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். திருப்பள்ளியெழுச்சி நேரம். துடைப்பத்தையும் மெழுகும் சாணத்தையும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு கோவிலுக்குள் போனார். அங்கேதான் முதல் பதிகம் பிறந்தது.

தம்பி திரும்பி வந்த நாளிலும் அவர் கூட்டும் வேலையை நிறுத்தவில்லை. உலகமே மாறப்போகிற அன்றைக்கும் கையில் துடைப்பம்! எனக்கு இதுதான் அற்புதம்.

இன்னொன்று. அறுபத்து மூவர் வரிசையில் திலகவதியார் பெயர் கிடையாது. காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என்று அந்த வரிசையில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். அப்பரைக் கொடுத்தவர் அதில் இல்லை. சேக்கிழார் அவரை மறந்துவிடவில்லை, தம்பி கதைக்குள் அவரை அத்தனை அழகாக வைத்திருக்கிறார். ஆனாலும் பெயர்ப்பலகை தம்பிக்குத்தான்.

நம்மில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு அக்கா இருக்கிறார்! என் வீட்டில் இருக்கிறார். எஸ்பிஎம் முடித்ததும் சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பட்டமளிப்பு விழாவில் மேடையில் ஏறப்போவது நான். பேருந்து அவரை ஏற்றிப்போக வரும் முன், விடியற்காலை ஐந்து மணிக்கு, சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டுத்தான் கிளம்புவார். “நேரம் இருக்காக்கா?” என்று ஒரு தடவை கேட்டேன். “ரெண்டு நிமிஷம்தானேடா. பல்லு விளக்க நேரம் இருக்குல்ல?” என்றார். சாதனை, அனுஷ்டானம் என்றெல்லாம் புத்தகங்களில் பக்கம் பக்கமாகப் படித்ததில் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

நம் நாள் எப்படிப் போகிறது? எட்டு மணி வகுப்புக்கு ஏழே முக்காலுக்கு எழுந்து, பசியாறாமல் ஓட்டம். மத்தியானம் லேப். மாலையில் குழுவாகச் செய்ய வேண்டிய அசைன்மென்ட், அதில் நாலு பேரில் ரெண்டு பேர் காணாமல் போயிருப்பார்கள். இரவு ஒரு மைலோ, ஒரு மேகி, அப்புறம் கைப்பேசி. மாசக் கடைசியில் கல்விக்கடன் பணத்தில் எத்தனை வெள்ளி மிச்சம் என்ற கணக்கு. இதற்கு நடுவில் “சாமி கும்பிட்டியா?” என்று அம்மா போனில் கேட்டால், “பரீட்சை முடியட்டும்மா” என்போம். பரீட்சை முடிந்தால் வேலை கிடைக்கட்டும். வேலை கிடைத்தால் கல்யாணம் ஆகட்டும். சமயம் என்பது ஓய்வு பெற்றபின் தொடங்குகிற விஷயம் என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

நம் முன்னோர் அப்படிச் சொல்லவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி வைத்தார்கள். முதல் படி சரியை. கூட்டுவது, மெழுகுவது, பூக்கட்டுவது, விளக்கேற்றுவது. உடம்பால் செய்கிற வேலை. அந்த வழிக்கு எடுத்துக்காட்டாக அப்பரைச் சொல்வார்கள். அவர் கையில் எப்போதும் இருக்கும் உழவாரம் புல் செதுக்குகிற கருவிதான். திருப்புகலூரில் அவர் செதுக்கிக்கொண்டிருந்தபோது புல்லோடு பொன்னும் மணியும் மின்னின. அதையும் உழவாரத்தாலேயே வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு அடுத்த புல்லைச் செதுக்கினார்.

நான் படிப்பது கட்டடப் பொறியியல். ஏன் புல்லைச் செதுக்க வேண்டும் என்பதற்கு அந்தப் படிப்பிலும் பதில் உண்டு. ஆலம் விதையையோ அரசம் விதையையோ பறவை தின்றுவிட்டுக் கோபுரத்தில் எச்சமிடும். முடி அளவு விரிசல் போதும், முளைத்துவிடும். முதல் மாதம் இரண்டு விரலால் பிடுங்கி எறியலாம். விட்டுவிட்டால் வேர் விரிசலுக்குள் இறங்கிப் பருக்கும், சுவரே பிளக்கும். பிறகு மரத்தை வெட்டினாலும் வேர் உள்ளே இருக்கும், திரும்பத் தழைக்கும். கூரையில் விழும் சருகும் அப்படித்தான். கூட்டாமல் விட்டால் நீர்த்தாரை அடைக்கும், தண்ணீர் தேங்கும், கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு அது தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உதிரும். அதன் பிறகு லட்சக்கணக்கில் வசூல் செய்து கும்பாபிஷேகம் நடத்த வேண்டும். ஒரு துடைப்பம் செய்திருக்கக் கூடிய வேலை! மனசுக்குள் முளைக்கிற செடிகளுக்கும் இதே கணக்குதான். முதல் மாதத்துக் கோபத்தை விரலால் பிடுங்கலாம். அஞ்சு வருஷத்துக் கோபத்துக்குக் கிரேன் வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூடா ஆறு கடலில் கலக்கிற இடம்தான் கோத்தா கோலா மூடா. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது கெடாவில் மிக மோசமாக அடிபட்ட இடம். உடைந்த படகுகளை நினைவுச் சின்னமாக அங்கே வைத்திருக்கிறார்கள். இந்த ஆற்றின் மேற்பகுதியில் மூடா அணை, அதற்கு அப்பால் பெடு அணை. இரண்டும் 1960களின் கடைசியில் கட்டப்பட்டவை. மூடா அணைக்கு மழை வந்து சேரும் பரப்பு பெரிது, ஆனால் தேக்கும் இடம் சிறிது. பெடு அணை நேர் எதிர், இடம் பெரிது, வரும் தண்ணீர் கொஞ்சம். இரண்டையும் மலைக்குள் குடைந்த சாயோங் சுரங்கம் இணைக்கிறது. அந்தத் தண்ணீரால்தான் கெடா சமவெளியில் வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது.

செமஸ்டர் நமக்கு மூடா அணை. விரிவுரை, கூட்டுப் பிரார்த்தனை, நண்பன் சொன்ன ஒரு நல்ல வார்த்தை, வழியில் கேட்ட ஒரு தேவாரம் என்று மழை கொட்டிக்கொண்டே இருக்கும். தேக்க இடம் இல்லை, வழிந்து போய்விடும். விடுமுறை பெடு அணை. இடம் தாராளமாக இருக்கும், ஆனால் வீட்டில் படுத்துக்கொண்டு படம் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் வராது. இரண்டுக்கும் நடுவில் சுரங்கம் வேண்டும். அக்கா சொன்ன அந்த ரெண்டு நிமிஷம்தான் சுரங்கம். வகுப்பு நாளிலும் விடாமல், விடுமுறை நாளிலும் விடாமல் செய்கிற ஒரே ஒரு சின்னக் காரியம். ஒரு விளக்கு, ஒரு பதிகம், எதுவானாலும் சரி.

வெளிநாட்டில் படிக்கிற நண்பர்கள் கோடை விடுமுறை என்கிறார்கள். நமக்கு வருஷம் முழுக்கக் கோடைதான், ஆகவே அந்தப் பெயர் ஒட்டாது. எந்தப் பெயரானாலும் சில வாரம் கையில் இருக்கிறது. பகுதிநேர வேலைக்குப் போகிறவர்கள் போங்கள், வீட்டுக்கு அந்தப் பணம் தேவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோவிலுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு முறை மெர்போக்கில் இருக்கும் புக்கிட் பத்து பகாட் சண்டிக்குப் போய்ப் பாருங்கள். ஜெராய் மலை அடிவாரத்தில், ஓடை ஓரத்தில் கருங்கல்லால் கட்டிய கோவில். நம் கடாரம் அது. 1025இல் இராஜேந்திர சோழன் படை எடுத்து வந்த அதே கடாரம். ஒரு காலத்தில் மணி அடித்திருக்கும், தீபம் காட்டியிருப்பார்கள். மக்கள் இடம் மாறினார்கள், கூட்டுவதற்கு ஆள் இல்லை, காடு மூடிக்கொண்டது. 1930களில் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டி எடுத்தார், 1959-60இல் கற்களை அடுக்கிச் சீரமைத்தார்கள். இப்போது பக்கத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். விளக்கு எரிவதில்லை.

அதே கதை நம் கண் முன்னால் தோட்டங்களில் நடக்கிறது. நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்கள் காலியாயின. நாம் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். முனியாண்டியும் மாரியம்மனும் அங்கேயே இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்குக் காரில் போய், பால்குடம் எடுத்து, படம் எடுத்து, வீடு திரும்புகிறோம். மிச்ச நாட்களில் அங்கே கூட்டுவது அறுபது எழுபது வயது ஆட்கள். பல கோவில்கள் நிற்பது தோட்ட நிர்வாகம் அந்தக் காலத்தில் வாய்மொழியாகக் கொடுத்த நிலத்தில். நிலம் கை மாறினால் கேட்கப்படும் முதல் கேள்வி “இங்கே யாராவது வருகிறார்களா?” என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்ல செதுக்கிய புல்லும் கழுவிய தரையும் வேண்டும்.

ஆகவே இந்த விடுமுறையில் உழவாரப் பணிக்கு ஒரு தோட்டக் கோவிலைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பெரியவர்களிடம் கேட்டு அனுமதியும் வாங்கியாயிற்று. ஒரு குழு புல் செதுக்கும், கூரையில் ஏறிச் செடி பிடுங்கும். வர்ணத்தைக் கண்டபடி அடிக்க வேண்டாம், பழைய சுதை வேலை எதுவோ அதைக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இன்னொரு குழு நோட்டுப் புத்தகத்தோடு தாத்தா பாட்டிமாரிடம் உட்காரும். இந்தச் சாமியை யார் கொண்டு வந்து வைத்தது, ஊரில் எந்தக் கோவிலிலிருந்து பிடிமண் வந்தது, முதல் பூசாரி யார், பழைய படம், ரசீது, கடிதம் ஏதாவது பெட்டியில் இருக்கிறதா? கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தக் கருவிக்கும் ஒரு புண்ணியம் கிடைக்கட்டும். நிலத்துக்குக் கடிதம் உண்டா என்று பொறுப்பாளரிடம் பணிவாகக் கேட்டுப் பிரதி எடுத்து வையுங்கள்.

காலை ஏழு மணிக்குக் கோவில் வாசலில் இருக்க வேண்டும். கையுறை, பாராங், குடிதண்ணீர், மாற்றுச் சட்டை கொண்டு வாருங்கள். துடைப்பம் இருந்தால் அதையும். மதியச் சாப்பாட்டைக் கோவில் பாட்டிமார் ஏற்றுக்கொண்டார்கள், “சாம்பாரா, ரசமா?” என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் குளித்துவிட்டு அப்பர் பதிகம் ஒன்று எல்லாரும் சேர்ந்து பாடுவோம். பாடத் தெரியாதவர்கள் இந்த வாரமே ஒரு பதிகம் கற்றுக்கொள்ளுங்கள். என் அக்காவுக்கு அன்று இரவு ஷிப்ட் முடிகிற நாள். தூங்காமல் நேராக அங்கேயே வந்துவிடுகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்பதாக இல்லை.