அளவறிந்து உண்ணலும் பிறர் துணையும்: தன்னடக்கம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

உடல் நிறையைச் சிறிது குறைத்துக்கொள்ளுதல் மருத்துவருக்கும் நோயாளிக்கும் உரிய கருமம்; மெய்யியலுக்கு அதில் வேலையில்லை என்று கருதுவோர் பலர். ஆயினும், உணவுத் தட்டின் முன் மனிதன் நாள்தோறும் நடத்தும் சிறு போராட்டத்தினுள் அறவியலின் மிகப் பழைய வினாக்கள் இரண்டு மறைந்து கிடக்கின்றன. நல்லது இதுவென அறிந்த ஒருவன் அதனைச் செய்யத் தவறுவது ஏன் என்பது முதலாவது. தன் வலிமையால் அன்றிப் பிறர் தரும் ஊக்கத்தால் ஒருவன் தன்னை அடக்கிக்கொள்வானாயின், அவ்வடக்கத்தை அவனுடையது எனலாமா, அன்றி இரவலாகப் பெற்றது எனல் வேண்டுமா என்பது இரண்டாவது. இவ்விரண்டாம் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதல் வினா அதற்கு வாயிலாக அமையும்.

ஆராய்ச்சிக்குத் துணையாக இரு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். காலத்தாலும் இடத்தாலும் அவை மிகத் தொலைவிலுள்ளவை.

பாளி மொழியிலுள்ள சங்யுத்த நிகாயத்தில், கோசல நாட்டு மன்னன் பசேனதியைப் பற்றிய தொகுதியொன்று உண்டு. அதில் வரும் சிறு சூத்திரம் ஒன்றின்படி, மன்னன் ஒரு வேளைக்கு ஒரு தோணம் என்னும் பேரளவு அரிசிச் சோற்றை உண்ணும் வழக்கமுடையவன். அவ்வாறு உண்டு மூச்சுவாங்கியபடி அவன் ஒருநாள் புத்தரிடம் வந்தான். விழிப்புடன் அளவறிந்து உண்பவனுக்கு உடல்நோவு குறையும், மூப்பும் மெல்லவே வரும் என்னும் கருத்தமைந்த பாட்டொன்றைப் புத்தர் கூறினார். அதனைக் கேட்ட மன்னன், பின்னால் நின்ற சுதஸ்ஸன் என்னும் இளைஞனை அப்பாட்டை மனனஞ் செய்யுமாறும், தான் உண்ணும் வேளைதோறும் அருகிருந்து சொல்லுமாறும் பணித்தான். அதற்கென நாளொன்றுக்கு நூறு கஹாபணம் கூலியும் விதித்தான். மன்னனின் உணவு படிப்படியாகக் குறைந்து, நம் நாழியைப் பெயரால் நினைவூட்டும் ‘நாளிகை’ என்னும் ஓரளவில் நிலைத்தது. அவன் உடலும் மெலிந்தது.

மற்றைய நிகழ்ச்சி அமெரிக்காவைச் சார்ந்தது. நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த ஜீன் நைடெச் என்னும் இல்லத்தரசி 1961ஆம் ஆண்டில் ஏறத்தாழ 97 கிலோகிராம் நிறையுடையவராயிருந்தார். நகரச் சுகாதாரத் திணைக்களத்தின் சிகிச்சை நிலையத்தில் தக்க உணவுத்திட்டம் ஒன்று அவருக்கு வழங்கப்பட்டது. எதை உண்ணலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது. ஆயினும் அவர் இரகசியமாகப் பிஸ்கற் உண்பதை நிறுத்த இயலவில்லை. அதனைச் சிகிச்சை நிலையத்திற் சொல்லத் துணியாத அவர், தோழியர் அறுவரைத் தம் வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் சொன்னார். அவர்களும் தத்தம் இரகசியங்களைச் சொன்னார்கள். வாரந்தோறும் கூடிப் பேசும் வழக்கம் அவ்வாறே தோன்றியது. 1962ஆம் ஆண்டின் ஒக்ரோபர் மாதத்தில் அவரது நிறை ஏறத்தாழ 64 கிலோகிராமாயிற்று. 1963இல் அக்கூட்டம் ‘வெயிட் வாச்சர்ஸ்’ என்னும் நிறுவனமாக உருப்பெற்று, பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது.

மன்னனிடமும் இல்லத்தரசியிடமும் குறைவாயிருந்தது அறிவன்று. சோக்கிரதீஸின் கருத்தாகப் பிளேட்டோ ‘புறோட்டகோரஸ்’ உரையாடலில் எடுத்துரைப்பது, அறிந்தவன் தவறிழையான் என்பதாகும். தவறு என்பது அறியாமையின் மறுபெயர் என்பது அக்கொள்கை. நம் அனுபவம் இதனை எளிதில் ஏற்பதில்லை. அரிஸ்ரோட்டிலும் தமது ‘நிக்கோமாக்கிய அறவியல்’ ஏழாம் நூலில் இதனை ஆராய்ந்து நுண்ணிய வேறுபாடு ஒன்றைக் காட்டுகின்றார். அறிவை உடைத்தாயிருத்தல் வேறு. அவ்வறிவு செயற்படும் நிலையில் இருத்தல் வேறு. ஆசையின் பிடியிலுள்ளவன் உறங்குபவனையும் குடித்தவனையும் ஒத்தவன். குடித்தவன் எம்பெடொக்கிளீசின் பாடல்களைத் தடையின்றி ஒப்புவிக்கக்கூடும்; ஆயினும் அவ்வேளையில் அவற்றின் பொருள் அவன் உள்ளத்திற் பதிந்திருப்பதில்லை.

இவ்விளக்கத்தோடு கோசல மன்னனின் ஏற்பாட்டை ஒப்புநோக்கின் அதன் கூர்மை புலனாகும். சுதஸ்ஸன் மன்னனுக்குப் புதியதொன்றையும் கற்பிக்கவில்லை. மன்னன் அறிந்திருந்ததனையே, அது உறங்கிவிடக்கூடிய அவ்வொரு கணத்தில் அவன் எழுப்பினான். பிறர் துணையின் முதற்பணி இதுவே எனலாம். அது அறிவைத் தருவதன்று. உள்ள அறிவை உரிய வேளையில் விழித்திருக்கச் செய்வது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். இம்மானுவேல் கான்ற் வகுத்த அறவியலின்படி, பகுத்தறிவுள்ள உயிர் தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் சட்டத்தைப் பின்பற்றுவதிலேயே அறத்தின் மாண்பு தங்கியுள்ளது. அங்ஙனமாயின், தோழியர் பாராட்டுவார்கள் என்பதற்காகவோ, வாரவிறுதியில் தராசின் முன் நாணவேண்டிவரும் என்பதற்காகவோ ஒருவர் இனிப்பைத் தவிர்ப்பாராயின், அதனைத் தன்னாட்சி எனல் எங்ஙனம்? பாட்டுச் சொல்லும் இளைஞன் நின்றுவிட்டால் மன்னனின் அடக்கமும் நின்றுவிடுமன்றோ?

இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அது ஓர் எடுகோளின் மேல் நிற்கின்றது. பிறர் துணையின்றி உண்ணும் மனிதன் முழுத் தன்னாட்சியுடன் உண்கின்றான் என்பதே அவ்வெடுகோள். இதனை நம் வாழ்வை நோக்கிச் சோதிப்போம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ விருந்தினராகச் சென்றவர், “காணும், காணும்” எனக் கையால் மறிக்க மறிக்க இன்னுமோர் அகப்பை சோறு இலையில் விழுவதை அறிவார். மறுத்தால் சமைத்தவரின் மனம் நோகும். கலியாண வீட்டுப் பந்தியிலும், மாணவர் விடுதியின் இரவுக் கடையிலும், அலுவலகத்துத் தேநீர் வேளையிலும் ஒருவர் உண்பதன் அளவை உடனிருப்போர் பெரிதும் தீர்மானிக்கின்றனர். தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி என்பதைப் பெரும்பாலும் குடும்பத்தின் வழக்கம் முடிவுசெய்கின்றது. மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டவரை நோக்கி, ‘இது உம்முடைய சுயாதீனமான தீர்மானமன்று’ என எவரும் கூறுவதில்லை. குறைத்து உண்ணப் பிறர் துணை நாடும்போது மட்டும் அது இரவல் எனப்படுகின்றது.

உண்மையில் உணவின் முன் மனித உளவுரம் ஒருபோதும் தனியே நின்றதில்லை. அது எப்போதும் ஒரு கூட்டத்தின் நடுவிலேயே இருக்கின்றது. எனவே கூட்டமா, தனிமனிதனா என்பதன்று நாம் தெரிவுசெய்ய வேண்டியது. எந்தக் கூட்டத்தின் குரலுக்குச் செவிகொடுப்பது என்பதே. கந்தசஷ்டியின் ஆறு நாளும் நோன்பிருக்கும் அடியார் கோயிலிற் கூடுவதும், றமழானில் முஸ்லிம் மக்கள் ஒருங்கே நோன்பு நோற்று ஒருங்கே திறப்பதும் இவ்வுண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதைக் காட்டும். அந்நோன்பின் அடக்கம் அவரவருடையதன்று என எவரும் சொல்லார். கான்றும் தனியே உண்பதை விரும்பியவரல்லர். தனித்துண்ணல் மெய்யியலாளனின் உடல்நலத்துக்கு ஆகாது என எழுதிய அவர், விருந்தினர் தொகை மூன்றுக்குக் குறையாமலும் ஒன்பதுக்கு மேற்படாமலும் இருத்தல் நன்றென்றார்.

எனினும் எல்லாத் துணையும் தன்னாட்சிக்கு இசைந்தது என்றாகாது. இரு நிகழ்ச்சிகளிலும் பொதுவாயமைந்த கூறுகளை நோக்கின் மூன்று அளவுகோல்களைப் பெறலாம். முதலாவது, துணையைத் தேடியவர் உண்பவரே. மன்னனே இளைஞனை நியமித்தான். நைடெச்சே தோழியரை அழைத்தார். தன் பலவீனத்தை முன்கூட்டியே கண்டு அதற்குக் காவல் வைப்பது தன்னாட்சியை இழப்பதன்று; அதன் முதிர்ந்த வடிவம். இரண்டாவது, துணைசெய்யும் குரல் காரணத்தை நினைவூட்ட வேண்டுமேயன்றி நாணத்தை ஊட்டலாகாது. மூன்றாவது, துணையின் நோக்கம் வழக்கத்தை வேரூன்றச் செய்வதாதல் வேண்டும். நல்லொழுக்கம் பழக்கத்தால் அமைவது என்பது அரிஸ்ரோட்டிலின் அடிப்படைக் கொள்கை. நடைபழகும் பிள்ளையின் கையைப் பிடிப்பது, அப்பிள்ளை தானே நடத்தற்பொருட்டேயாம்.

இவற்றுள் இரண்டாவது அளவுகோலே நம் சமூகத்தில் அதிகம் மீறப்படுவது. நீண்டநாட் காணாதவரைக் கண்டதும், நலம் கேட்குமுன் “நல்லாய்க் கொழுத்துப் போனீர்” என்பது நம்மிடை வழக்கம். அதனைச் சொல்பவர் அக்கறை என்கின்றார்; கேட்பவரோ அன்றிரவு தனியே உண்கின்றார். பருமனை ஒழுக்கக் குறைபாடாகக் கொள்ளும் இம்மனப்பாங்குக்கு அறிவியலும் இடந்தரவில்லை. 1944-45ஆம் ஆண்டுகளில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாதகாலம் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்கள் உறுதி குன்றியவர்களல்லர். மனச்சான்றின் பேரில் போர்ச்சேவையை மறுத்தவர்கள். அத்தகையோரும் சோர்வும் சினமும் மேலிட, உணவைத் தவிர வேறெதனையும் நினைக்க இயலாதவராயினர். உடலின் கொழுப்புச் சேமிப்பை மூளைக்கு அறிவிக்கும் லெப்ரின் என்னும் சுரப்பு 1994இல் கண்டறியப்பட்டது. நிறை குறையும்போது அச்சுரப்பும் குறைந்து பசி மிகும். பசியோடு போராடுபவர் தம் சோம்பலோடு மட்டும் போராடவில்லை. தம் உடலின் தற்காப்போடும் போராடுகின்றார். அத்தகையவரைப் பழிப்பது அறியாமையும் கொடுமையும் ஆகும்.

இனி, ‘சிறிது’ என்னும் சொல்லின் அறவியற் பொருளையும் நோக்குவோம். நீரிழிவு வருமுன் காப்பது பற்றி அமெரிக்காவில் 27 நிலையங்களில் 3,234 பேரைக்கொண்டு நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2002இல் வெளியாயிற்று. உடல் நிறையில் 7 சதவீதத்தைக் குறைப்பதும், வாரத்துக்கு 150 நிமிடம் உடலை இயக்குவதும் அதன் இலக்குகள். பயிற்றுநரின் துணையுடன் அவ்வழி முயன்றவர்கள் சராசரியாக 5.6 கிலோகிராமே குறைந்தனர். ஆயினும் அவர்களுக்கு நீரிழிவு ஏற்படும் வீதம், வெற்று மாத்திரை பெற்றவர்களோடு ஒப்பிடுகையில் 58 சதவீதம் தாழ்ந்தது. மெத்போமின் மருந்து பெற்றவர்களிடம் அத்தாழ்வு 31 சதவீதமே. சென்னையில் டொக்டர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கு உணவையும் உழைப்பையும் திருத்திக்கொண்டோரின் நிறை குறிப்பிடத்தக்க அளவு குறையவேயில்லை. ஆயினும் நோயின் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

இம்முடிவுகள் உணர்த்துவது யாது? தராசு காட்டும் எண் மட்டுமே பயனன்று. மாறிய வழக்கமும் பயனாகும். முழுமையை இலக்காகக் கொண்டவர் ஒருமுறை தவறியதும் அனைத்தையும் கைவிடுகின்றார். சிறிதை இலக்காகக் கொண்டவருக்கு மறுநாளும் உண்டு. திருக்குறளின் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரம் பெரிதும் அளவறிந்து உண்ணலைப் பற்றியே பேசுவதும் இங்கு சிந்திக்கத்தக்கது. அளவு என்பது மறுப்பன்று. உணவோடு மனிதன் கொள்ளும் நேர்மையான உறவு.

உண்ண வழியற்றோர் பலராயுள்ள உலகில் இது வயிறு நிறைந்தோரின் கவலையன்றோ எனச் சிலர் வினவுவர். 1973-74ஆம் ஆண்டுகளில் பாணுக்காக வரிசையில் நின்றதும், 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் பல குடும்பங்கள் ஒரு வேளை உணவைக் கைவிட்டதும் நம் நாட்டு வரலாறே. ஆயினும் வறுமை நீரிழிவிலிருந்து எவரையும் காப்பதில்லை. மலிவான மாவும் சீனியும் கொண்டு பசியாறும் உழைப்பாளி வீட்டிலும் அந்நோய் புகுந்துள்ளது. இல்லாமையாற் குறைத்து உண்பதில் தெரிவு இல்லை. அதனை அடக்கம் எனப் போற்றுவது அநீதி. தெரிவு உள்ளவரிடத்திலேயே அளவு பற்றிய வினா எழும். தெரிவு இல்லாதவருக்கு அதனை உண்டாக்கிக் கொடுப்பது சமூகத்தின் கடன்.

அண்மைக் காலத்தில் பசியையே தணிக்கும் மருந்துகள் வந்துள்ளன. செமகுளூடைட் 2021இல் உடற்பருமனுக்கான மருந்தாக அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நைடெச் தொடக்கிய நிறுவனம், கடன்சுமை மிகுந்து 2025 மே மாதத்தில் முறிவுச் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. இதனாற் கூட்டத்தின் பணி முடிந்துவிட்டது எனக் கொள்வது பொருந்தாது. மருந்து பசியைத் தணிக்கலாம்; மறைத்துவைத்த பிஸ்கற்றைப் பற்றிச் சொல்ல ஒரு செவியை அது தராது. நைடெச் தம் தோழியரிடம் தேடியது முதலில் அச்செவியையே.

ஆகவே நம் வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். தானே தேடி, நாணமின்றி ஏற்று, தன் வழக்கமாக்கிக்கொண்ட அடக்கம், பிறர் துணையால் வந்ததாயினும் ஒருவனுக்கு உரியதே. நாம் பேசும் மொழியும் பெற்ற கல்வியும் பிறரிடமிருந்தே வந்தன. அவற்றை எவரும் இரவல் என்பதில்லை. இவ்விடை உண்பவருக்கு மட்டுமன்றி உடனிருப்போருக்கும் ஒரு கடமையை விதிக்கின்றது. நம் பந்தியில் ஒருவர் “காணும்” என்று கையை நீட்டி மறித்தால், அகப்பையை நிறுத்துதலும் விருந்தோம்பலின் ஒரு பகுதியே.