அடைபட்ட உயிருக்கு அமைக்கும் தரை

ஓர் உயிரை அடைத்து வளர்ப்பவர் அதன் உடலுக்குத் தீங்கு வராமல் காத்தால் போதுமா, அதன் இயல்புக்கும் இடம் தர வேண்டுமா என்பது அறநெறியின் பழைய கேள்வி. சமணரின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் அகிம்சை விரதத்துக்கு இழுக்கான ஐந்து செயல்களைச் சொல்கிறது. அடித்தல், உறுப்பறுத்தல், அளவுமீறிச் சுமையேற்றல், உணவும் நீரும் மறுத்தல் ஆகியவற்றுக்கு முன்னால் அது வைப்பது கட்டிவைத்தலை. செல்லப் பிராணியாக வளரும் சிறுத்தைப் பல்லியின் கண்ணாடிப் பெட்டியில் எதைப் பரப்புவது என்ற சின்ன முடிவிலும் இந்தக் கேள்வி அடங்கியிருக்கிறது.

லெப்பர்ட் கெக்கோ எனப்படும் இந்தப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலங்களைச் சேர்ந்தது. வீட்டுச் சுவரில் ஏறும் பல்லிக்கு இருப்பதுபோல் விரலடியில் ஒட்டும் பட்டைகள் இதற்கு இல்லை. இதன் வாழ்வு தரையோடுதான். பகலில் பாறையிடுக்கிலும் வளையிலும் பதுங்கி, அந்தி சாய்ந்தபின் இரை தேடும். அது பழகியது இறுகிய மண்ணும் சரளையும் கலந்த தரை. பாலைவனப் பிராணி என்று எண்ணிப் பெட்டி நிறைய மணலைக் கொட்டுவது அதன் ஊரை அறியாத பிழை.

அந்தப் பிழையின் விளைவு இரை பிடிக்கும் கணத்தில் தெரியும். பூச்சியைக் கண்டதும் பல்லியின் வால்நுனி துடிக்கும், உடல் தாழும், ஒரே பாய்ச்சலில் கவ்வும். உதிரி மணலானால் பூச்சியோடு மணலும் உள்ளே போகும். நலமாக உள்ள பல்லி சிறிதளவு மணலைக் கழிவோடு வெளியேற்றிவிடும். பெட்டியில் சூடு குறைந்து செரிமானம் மந்தமானாலோ, உடலில் நீர் குறைந்தாலோ மணல் குடலை அடைத்து உயிரையே வாங்கலாம். சுண்ணாம்புச் சத்து குறைந்த பல்லி மணலைத் தேடித் தின்பதும் உண்டு. எனவே, செரித்துவிடும் என்று சொல்லி விற்கப்படும் கால்சியம் மணலை நம்பக் கூடாது. வால்நட் ஓட்டுத் தூள் குடலைக் கீறும். சீடர் மரச்சீவலின் நெடி மூச்சைப் பாதிக்கும்.

குட்டிக்கும் நோயுற்ற பல்லிக்கும் புதிதாக வந்ததற்கும் காகித விரிப்பே ஏற்றது. கழிவில் மாற்றம் இருந்தால் அதில் உடனே கண்ணில் படும். வழவழப்பில்லாத டைல்ஸும் ஸ்லேட் கல்லும் பாதுகாப்பானவை. ஆனால் இவற்றில் தோண்ட முடியாது. தோண்டுவது இந்தப் பல்லியின் இயல்பு. பிரிட்டனின் பண்ணை விலங்கு நலக் குழு 1979-இல் வகுத்த ஐந்து சுதந்திரங்களில் பசியிலிருந்தும் நோயிலிருந்தும் விடுபடும் சுதந்திரங்களுக்கு இணையாக இயல்பாக நடந்துகொள்ளும் சுதந்திரமும் இடம்பெற்றது. வலியில்லாத வாழ்வு வேறு, நிறைவான வாழ்வு வேறு.

இரண்டையும் சேர்க்க வழி இருக்கிறது. உரமும் பூச்சிமருந்தும் கலவாத மண்ணில் கொஞ்சம் மணலும் களிமண்ணும் சேர்த்து, நனைத்து அழுத்தி, இறுகக் காயவிட்ட தரை, நலமாக உள்ள வளர்ந்த பல்லிக்குப் பொருந்தும். இரையைக் கிண்ணத்தில் வைத்தால் மண் விழுங்குவது குறையும். தோல் உரியும் காலத்துக்கு ஈரப்பாசி இட்ட மறைவிடம் ஒன்றும் வேண்டும்; உரியாமல் தங்கிய தோல் விரல்களை இறுக்கி உதிரச் செய்யும்.

நல்ல பராமரிப்பில் இந்தப் பல்லி 15 ஆண்டுகளுக்கு மேல் வாழும். அத்தனை ஆண்டும் தன் தரையைத் தானே தேர்ந்துகொள்ள அதற்கு வழியில்லை. அந்த உரிமையை எடுத்துக்கொண்டவர், தம் கண்ணுக்கு அழகானதை விட்டு, அதன் உடலுக்கும் இயல்புக்கும் ஏற்றதைத் தருவதே அறம்.