கழிவதும் கைவிடுவதும்

காலப்போக்கில் பழைய வழக்குகள் மறைவதும் புதியவை நுழைவதும் குற்றமல்ல என்று நன்னூலார் இலக்கணத்திலே இடமளித்தார். சொல்லுக்குப் பொருந்தும் இந்த நியாயம், அதை நம்பி வாழும் மனிதனுக்கும் பொருந்துமா? கண்டிக்கு அருகே தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் கற்பிக்கும் என்னிடம் இக்கேள்வியை எழுப்பியது ஒரு கணினி.

எங்கள் நூலகத்துக்கெனப் பழைய மாணவர் ஒருவர் புத்தகப் பதிவேடொன்றைச் செய்து தந்திருந்தார். பைத்தன் என்னும் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பில், இணையத்தளங்களைக் கட்டுவதற்கான ஜாங்கோ என்னும் சட்டகத்தைக் கொண்டு அமைத்த பதிவேடு அது. 2017 டிசெம்பரில் வந்த ஜாங்கோ 2.0, அந்த இரண்டாம் பதிப்பை ஏற்க மறுத்தது. 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு பைத்தன் இரண்டுக்கான ஆதரவே முடிந்தது; அதை ஏற்ற கடைசி ஜாங்கோவான 1.11க்கும் அவ்வாண்டு ஏப்ரலோடு திருத்தங்கள் நின்றன. பதிவேடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் ஓட்டை விழுந்தால் அடைப்பாரில்லை. செய்தவரோ தொழில் தேடிக் கொழும்புக்குப் போய்விட்டார். எங்கோ இருப்பவர்கள் நாள் குறிக்க, இந்த மலைச்சரிவில் இருக்கும் பிள்ளைகளா தண்டம் கட்டுவது என்று நான் கொதித்தேன்.

என் கோபம் பாதி உண்மையே. ஜாங்கோவைப் பேணுவோரிற் பெரும்பாலோர் ஊதியமின்றி உழைப்பவர்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் இரு பதிப்புகளுக்கும் பொருந்த எழுதி, இரண்டிலும் சோதித்துப் பார்க்கும் சுமை அவர்கள் தோளிலேயே இருந்தது. பிறர் உழைப்புக்கு முடிவே கூடாதென்று கேட்பது தொழிலாளர் பக்கம் நிற்பவன் வாயில் வரக்கூடிய பேச்சா? அவர்கள் திடீரெனக் கதவடைக்கவும் இல்லை. மூன்றாம் பதிப்பு 2008இலேயே வந்துவிட்டது. 2015இல் முடிவதாயிருந்த பழைய பதிப்பின் ஆயுளை மேலும் ஐந்தாண்டு நீட்டினார்கள்.

மாற்றத்தால் நம் மொழிக்கு நன்மையும் விளைந்தது. சாதாரணமாக எழுதிய ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால், பைத்தன் இரண்டு பெரும்பாலும் பதினைந்து என்று சொல்லும். எழுத்தை அறியாமல் அதைச் சேமித்த பைட்டுகளையே அது எண்ணியது. மூன்றாம் பதிப்பு ஐந்து என்கிறது. உயிர்க்குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால் அது நம் இலக்கணக் கணக்கான மூன்றுக்கு இன்னும் வரவில்லை. ஆயினும் பைட்டுக் குவியலாகக் கிடந்த தமிழ் அங்கே எழுத்தாக மதிக்கப்பட்டது. பழையதே நீடித்திருந்தால் நமக்கும் நட்டமே.

அப்படியானால் அநீதி எங்கே? வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் தாய்க்குச் சுகமில்லாததால் ஒரு மாதம் வராதிருந்த பிள்ளைக்காக முழு வகுப்பும் பழைய பாடத்திலேயே நிற்க முடியாது. பாடம் நகரத்தான் வேண்டும். ஆனால் மாலையில் அப்பிள்ளையோடு உட்கார ஒருவரும் இல்லையென்றால் அது கைவிடலாகிறது. கழிவது காலத்தின் இயல்பு. கைவிடுவது மனிதர் செய்வது.

மாலையில் உட்கார வேண்டியவர் யார்? அந்த இலவச உழைப்பின்மேல் பெருஞ்செல்வம் திரட்டும் நிறுவனங்களுக்கு அதில் முதற் பங்குண்டு. கணினியைக் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, பின்னர் எட்டிப்பாராத அதிகாரங்களுக்கும் பங்குண்டு. முன்னேற்றத்தின் பயன் பொதுவென்றால், அக்கரைக்குக் கடக்கும் கூலியும் பொதுவாகவே இருக்கவேண்டும். இன்று பயன் முன்வரிசைக்கும் கூலி கடைசி வாங்குக்குமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது.

சென்ற விடுமுறையில், பேராதனையிற் படிக்கும் இளைஞர் ஒருவர் வழிகாட்ட, உயர்தர வகுப்பு மாணவிகள் இருவர் பதிவேட்டைப் புதிய பதிப்புக்கு மாற்றி எழுதினார்கள். அவர்களால் முடிந்தது என்பதில் எனக்குப் பெருமையே. ஆனால் பேராதனைக்கு எட்டாத தொலைவிலுள்ள பாடசாலைகளை எண்ணும்போது அப்பெருமை அடங்கிவிடுகிறது. ஓர் இளைஞரின் நல்ல மனத்தை நம்பியா அவை காத்திருக்க வேண்டும்? கடக்கும் வழியைக் கருணையாக அல்ல, உரிமையாகக் கேட்பதற்கு நாம் பழகவேண்டும்.