விருப்பும் வேதனமும்: ஓர் அறநோக்கு

தான் விரும்பும் தொழிலைக் குறைந்த வேதனத்துக்காயினும் ஒருவர் ஏற்கலாமா என்னும் வினா, பட்டம் பெற்று வெளியேறும் எம் மாணவரை ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் ஒன்றாகும். இதற்கு எம்மிடையே இரு விடைகள் ஆயத்தமாக உள்ளன. மேடையில் நின்று பேசுவோர், மனத்துக்குப் பிடித்ததே தொழில் என்பர். வீட்டில் இருந்து பேசுவோர், மனம் உலையேற்றாது என்பர். இரு சாராரும் ஒரே தராசையே கையில் வைத்திருக்கின்றனர் என்பது என் கருத்து. ஒரு தட்டில் வேதனம், மறுதட்டில் விருப்பு. இரண்டும் ஒருவருடைய சொந்த உடைமை எனக் கொண்டே அவர்கள் நிறுக்கின்றனர். விருப்பு அவருடையதுதான். குறைந்துபோகும் பணமும் அவருடையது மட்டுந்தானா?

சென்ற மாதம், இறுதியாண்டுப் பரீட்சை எழுதி முடித்த மாணவி ஒருவர் என்னைக் காண வந்தார். அவருடைய ஊர் மன்னார் மாவட்டத்தின் தென்னெல்லையிலுள்ள மறிச்சுக்கட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருடைய குடும்பம் புத்தளத்துக்குச் சென்றது. போர் முடிந்த 2009க்குப் பின்னரே ஊர் மீண்டது. அவர் பிறந்தது புத்தளத்தில். கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்று அவருக்கு வேலை தர முன்வந்திருந்தது. ஊர்ப்பக்கத்துப் பாடசாலையொன்றிலிருந்தும் ஓர் அழைப்பு வந்திருந்தது. கணிதம் கற்பிக்க அங்கு ஆளில்லை. தொண்டர் ஆசிரியராக வர இயலுமா என்று கேட்டிருந்தனர். பெற்றோர் திரட்டித் தரக்கூடிய தொகை கொழும்புச் சம்பளத்தில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவு.

"சேர், எனக்கு அங்கதான் போக விருப்பம். அது பிழையா?" என்றார். உடனே விடைகூற என்னால் இயலவில்லை.

ஊரின் பெயரைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தவர் லெனாட் வூல்ப். யாழ்ப்பாணத்தில் இளநிலை நிருவாக அதிகாரியாயிருந்த அவர், 1906ஆம் ஆண்டு முத்துக்குளிப்புக் கடமைக்கென மறிச்சுக்கட்டிக்கு அனுப்பப்பட்டார். குளிப்புக் காலத்தில் அக்கரையில் பல்லாயிரவர் வாழும் ஓலைக்கொட்டில் நகரம் ஒன்று எழும்பும். சில வாரங்களில் அது கலைந்து மீண்டும் வெறும் மணலாகும். தமிழகக் கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளிப்போர் வருவர். அவர்களுக்குச் சம்பளம் என ஒன்று இல்லை. எடுத்த சிப்பிகளில் மூன்றிலொரு பங்கு அவர்களுக்கு, எஞ்சியவை அரசுக்கு என்பதே வழமை. சிப்பியைத் திறக்கும்வரை உள்ளே முத்து உண்டா என்பது எவருக்கும் தெரியாது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கிடைத்தன. 1907க்குப் பின்னர் 1925 வரை அங்கு குளிப்பே நிகழவில்லை. மூச்சடக்கி ஆழத்துக்கு இறங்கியவர்களிடம், இத்தொழில் உமக்கு விருப்பமா என எவரும் வினவியிருப்பர் என்று நான் நம்பவில்லை. விருப்பு என்னும் வினாவே சிலருக்கு மட்டும் கிட்டும் பேறு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

வூல்ப்புக்கு அது கிட்டியது. 1908இல் அவர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபரானார். 1911இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர், 1912இல் பதவியைத் துறந்தார். அவர் மணக்க விரும்பிய வேர்ஜீனியா ஸ்ரீபன் அப்போது சம்மதம் தெரிவித்திருக்கவில்லை. அது அவ்வாண்டு மே மாத இறுதியிலேயே வந்தது. அம்பாந்தோட்டைக் காட்டுக் கிராமமொன்றைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1913இல் வெளிவந்தது. இது துணிவு என்பதில் ஐயமில்லை. எனினும், அவருடைய சம்பளத்தை நம்பி அன்று மனைவியோ பிள்ளைகளோ இருக்கவில்லை. பின்னர் மணந்தவருக்கும் சொந்தச் சொத்து இருந்தது. துணிவின் விலையை அவரே கொடுத்தார். அவரால் கொடுக்கவும் முடிந்தது.

எம் மரபிலுள்ள பெருஞ்சித்திரனாரின் நிலை வேறு. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் மறுத்தார் என்பது புறநானூற்றின் 208ஆம் பாட்டுச் செய்தி. புலவர்தம் பெருமிதத்துக்கு இதனைச் சான்றாக வகுப்பிற் கூறாத தமிழாசிரியர் இலர்; நானும் பலமுறை கூறியுள்ளேன். ஆயின், அதே புலவர் குமணனைப் பாடிய 159, 160ஆம் பாட்டுகளில் அவருடைய வீடு தோன்றுகிறது. முதுமையால் தளர்ந்த தாய், பசியால் மெலிந்த மனைவி, பாலற்ற மார்பைச் சுவைத்து அழும் பிள்ளை. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்த நாள் முதல், 208ஐ முன்னைய உற்சாகத்தோடு என்னாற் கற்பிக்க இயலவில்லை. திருப்பியனுப்பிய பரிசிலின் விலையை அடுப்படியில் இருந்தவர்களும் அல்லவா கொடுத்திருப்பர்? 163ஆம் பாட்டில், குமணன் தந்த செல்வத்தைத் தம்மையும் கலந்துகொள்ளாமலே யாவருக்கும் வழங்குமாறு மனைவியிடம் அவர் கூறுகிறார். வழங்கும் உரிமையை மனைவியிடம் முழுதாக விட்டவர், மறுக்குமுன் அவரைக் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

விருப்பத்தின் பேரில் வேதனத்தைக் குறைக்கும் வழக்கம் பழையது. இனிய தொழிலுக்குக் கூலி குறைவாகவும் இன்னாத தொழிலுக்குக் கூடுதலாகவும் அமையும் என்றும், மதிப்புமிக்க தொழில்களில் மதிப்பே ஊதியத்தின் பெரும்பகுதி என்றும் 1776இல் அடம் சிமித் எழுதினார். சந்தையின் போக்கை விளக்க இது ஓரளவு உதவலாம். ஆனால், விருப்பு உள்ளவரிடம் அந்த அளவுக்குக் கூலியைக் கழித்துக்கொள்ளலாம் என வேலை கொடுப்போர் கண்டுகொள்ளும்போது, விளக்கம் தந்திரமாகிவிடுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் தொண்டர் ஆசிரியர்கள் ஆண்டுக்கணக்காகச் சொற்பத் தொகைக்குக் கற்பித்துவிட்டு, நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நிற்க நேர்ந்தமையை நாம் கண்டோம். அவர்கள் விரும்பிச் செய்தனர் என்பது கொடுக்காமல் விட்டமைக்கு நியாயமாகாது. ஒரு கரையோரக் கிராமத்துக்குக் கணித ஆசிரியர் வேண்டுமெனின் அச்செலவு நாட்டினுடையது. அதனை ஓர் இளம்பெண்ணின் ஊர்ப்பற்றிலிருந்து அறவிடுவதைப் போன்ற இழிந்த வரி வேறில்லை.

இவ்வளவையும் அவரிடம் கூறி, கொழும்புக்குச் செல்க எனச் சொல்லிவிட எண்ணினேன். என்னைத் தடுத்தது ஒன்று. அவர் போகாவிடின் விலை இல்லாது போய்விடுமா? அரசின் கடமையை அரசுக்கு நினைவூட்டி அவர் விலகிக்கொண்டால், அந்த விலையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கொடுப்பர். அவர்களையும் எவரும் கேட்கப்போவதில்லை. ஆகவே, விலை தராத தெரிவு இங்கு எதுவுமில்லை. யாரிடமிருந்து எடுக்கிறோம், அவருக்கு அதை அறிவித்தோமா, வேண்டாம் எனச் சொல்ல அவருக்கு இடமிருந்ததா என்பனவே எஞ்சும் வினாக்கள். விருப்பின் தூய்மை இவற்றுள் ஒன்றுக்கும் விடையாகாது.

"வீட்டுக்குப் போய் இரண்டு தொகையையும் கடதாசியில் எழுதிக் காட்டும். விருப்பத்தைப் பற்றிப் பிறகு பேசும்" என்று மட்டும் கூறினேன்.

இரு வாரம் கழித்து மீண்டும் வந்தார். கடதாசியை வாப்பா நெடுநேரம் பார்த்தாராம். தோணிக்கு எடுத்த கடன் இன்னும் பதினான்கு மாதத்துக்கு இருக்கிறது, அது முடியும்வரை கொழும்பு, அதன் பிறகு உன் விருப்பம் என்றாராம். உம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தம்பிதான், "அப்ப எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்கிறது ஆர்?" என்று கேட்டானாம்.

இதைக் கூறிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார். கொழும்பு நிறுவனம் கொடுத்த தவணை வரும் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.