ஓட்டில் விழுந்த துளை

திருமாலின் கரத்துச் சங்கைச் சேவிக்கிறவர்களில் எவருக்கும், அது ஓர் ஊனுண்ணி கட்டிய வீடு என்ற நினைவு எழுவதில்லை. மன்னார் வளைகுடாவின் மணலில் புழுக்களைத் தின்று வளரும் பிராணியின் ஓடுதான் பிரணவ நாதத்துக்கு உறைவிடமாகிறது. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள எங்கள் சூலூருக்குக் கிழக்கே, எங்கள் ஊரைத் தொட்டோடும் அதே நொய்யல் ஆற்றின் கரையில், கொடுமணல் அகழாய்விலும் சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன.

இத்தகைய ஓடுகள் ஏன் இவ்வளவு தடித்தன என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. மூன்று வயதிலேயே பார்வையிழந்து, சிப்பிகளையும் நத்தைகளையும் விரலால் தடவியே ஆராய்ந்த கீரத் வெர்மே என்னும் விஞ்ஞானி, ஓடுடைத்து உண்ணும் நண்டுகளும் மீன்களும் மீசோசோயிக் யுகத்துக் கடலில் பெருகியபோது, அவற்றுக்கு அஞ்சியே ஓடுகள் தடித்தன, முள் பூண்டன, வாய் குறுகின என்று 1977-இல் எழுதினார். (அந்த யுகத்தின் கடைசிக் கடலைத்தான் இன்று அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டுகிறோம்!) துன்பத்தையும் இறைவனின் மறக்கருணை என்று போற்றி, அது உயிரைப் பக்குவப்படுத்தும் மருந்தென்று கூறும் சைவ சித்தாந்திக்கு இதைவிட உவப்பான சாட்சியம் வேண்டுமா?

ஆனால் பருமனைப் பற்றிய கணக்கு வேறு விதமாக இருக்கிறது. ஓட்டைத் துளைத்து உண்ணும் பிராணிகள் விட்டுச்சென்ற துளைகளை அளந்தவர்கள், ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளில் துளையின் அளவு சுமார் 10 மடங்காயிற்றென்றும், துளைக்கப்பட்ட இரையின் உருவமோ அவ்வாறு வளரவில்லையென்றும் 2017-இல் வெளியிட்டார்கள். துளை பெரிதெனில் துளைத்தவன் பெரியவன்; ஆகவே உண்டவன் வளர்ந்தான், உண்ணப்பட்டவன் அப்படியே நின்றான்.

பக்குவம் உயிருக்கேயன்றி உடலுக்கன்று, ஓட்டை அளந்து அருளை நிறுக்கலாகாது என்று சித்தாந்தி மறுப்பார். அந்த மறுப்பு தர்க்கத்துக்குப் பொருந்துவதே. எனினும், தொல்காப்பியம் நத்தை, சிப்பி இனத்துக்கு ஈரறிவு வகுத்ததை எண்ணுகையில், தொடுதலும் சுவைத்தலுமே உடைய ஓருயிர், ஒரு நத்தை அமிலத்தைக் கசியவிட்டு மணிக்கணக்காகத் தன் ஓட்டைக் குடைவதிலிருந்து எந்த ஞானத்தைப் பெறும் என்ற வினா என்னை விடுவதில்லை. விஜயமங்கலத்தில் கோயில் எடுத்த கொங்குச் சமணரும் உயிர்களை அறிவின் எண்ணிக்கையாலேயே வகுத்தவர்கள். அவர்கள் இவ்வேதனைக்கு வினையென்று பெயரிட்டார்களேயன்றி, அதை ஒருவனுடைய அருளென்று சொல்லத் துணியவில்லை. சைவக் குடியில் பிறந்த எனக்கு, இந்த ஓரிடத்தில் நியாயம் அவர்கள் பக்கமே இருப்பதாகத் தோன்றுகிறது.